பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து சின்னசாமி கிரிக்கெட் மைதானம் நடந்து போகிற தூரம்தான். பெரிய ஆட்டம் முடிந்து அங்கே ஆரவாரம் அடங்கியதும், எங்கள் பேட்டையில் இன்னோர் ஆட்டம் தொடங்கும். ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் தமிழ், உருது, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலும் நடக்கும் அந்த ஆட்டத்துக்குப் பெயர், "யாரால் தோற்றோம்?" நானும் அதில் பல வருடங்களாகக் கலந்துகொண்டு வருகிறவன்தான். இந்தக் கேள்விக்கு நாம் எப்படி விடை தேடுகிறோம், அந்தத் தேடல் எங்கே வழி தவறுகிறது என்பதைச் சில ஆட்டங்களைக் கொண்டு பார்க்கலாம்.

முதலில் 1996 மார்ச் 9. உலகக் கோப்பைக் கால் இறுதி, சின்னசாமி மைதானம், இந்தியாவும் பாகிஸ்தானும். அந்த உலகக் கோப்பைக்காக நிறுவப்பட்ட மின்விளக்குகளின் வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தது. இந்தியா 8 விக்கெட்டுக்கு 287. சித்து 93 ரன் எடுத்தார். கடைசியில் வந்த அஜய் ஜடேஜா 25 பந்தில் 45 விளாசினார். வக்கார் யூனிஸின் கடைசி இரண்டு ஓவர்களில் மட்டும் 40 ரன் போயிற்று. மெதுவாகப் பந்து வீசிய குற்றத்துக்காகப் பாகிஸ்தானுக்கு ஓர் ஓவர் வெட்டப்பட்டது. ஆமிர் சோஹைலும் சயீத் அன்வரும் முதல் விக்கெட்டுக்கு 84 ரன் சேர்த்தார்கள். பிறகு வெங்கடேஷ் பிரசாத்தை பவுண்டரிக்கு அடித்துவிட்டு மட்டையை நீட்டிக் காட்டிய சோஹைல், அடுத்த பந்திலேயே ஸ்டம்பைப் பறிகொடுத்த காட்சி இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரசாத்துக்கு மூன்று, கும்ப்ளேவுக்கு மூன்று விக்கெட். பாகிஸ்தான் 39 ரன்னில் தோற்றது.

பழி யார் மேல் விழுந்தது? வக்கார் மேலும் அல்ல, சோஹைல் மேலும் அல்ல. விலாப்புறத் தசைப்பிடிப்பால் அன்று களமிறங்காத கேப்டன் வாசிம் அக்ரம் மேல்தான் பெரும் பழியும் விழுந்தது. காயம் என்பது நடிப்பு என்றார்கள். பணம் வாங்கிவிட்டார் என்றார்கள். அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். ஒரு பந்துகூட வீசாத மனிதர்தான் தோல்விக்கு முழுக் காரணம் ஆனார்!

"அது பாகிஸ்தான்காரர்களின் குணம்" என்று நாம் சொல்லிக்கொள்ள நான்கு நாள்தான் அவகாசம் கிடைத்தது. மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் இலங்கையுடன் அரை இறுதி. டாஸ் வென்ற அசாருதீன் இலங்கையை ஆடச் சொன்னார். 98 ரன்னுக்கு ஒரு விக்கெட் என்றிருந்த இந்தியா, 120 ரன்னுக்கு எட்டு விக்கெட் என்று சரிந்தது. பார்வையாளர்கள் புட்டிகளை வீசினார்கள், இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கு வழங்கினார். அதன் பிறகு நாடெங்கும் ஒரே பேச்சு: டாஸ் வென்றும் ஏன் முதலில் ஆடவில்லை?

அந்த முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினொரு நாளுக்கு முன்புதான் டெல்லியில் இந்தியாவின் 271 ரன்னை இலங்கை எளிதாக எட்டிப் பிடித்திருந்தது. துரத்துவதில் வல்ல அணியைத் துரத்தவிடாமல் செய்வது நியாயமான யோசனைதான். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே கலுவிதாரணவும் ஜெயசூரியாவும் ஆட்டமிழந்தபோது அந்த முடிவைக் குறைசொன்னவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இந்தியா வென்றிருந்தால் அதே முடிவு சாணக்கியத்தனம் ஆகியிருக்கும். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை, அதை எடுத்த நேரத்தில் தெரிந்திருந்ததை வைத்து எடைபோட வேண்டும். நாமோ விளைவை வைத்து எடைபோடுகிறோம். பழி போடுவதில் நாம் செய்யும் முதல் தவறு இதுதான்.

இரண்டாவது தவறு, பல பேர் சேர்ந்து தோற்றதை ஒரே முகத்தில் ஒட்டுவது. 2024 மே 18 அன்று சின்னசாமியில் சென்னையும் பெங்களூரும் மோதிய ஐ.பி.எல். ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர்த் தமிழர் வீடுகளில் தந்தை சென்னைக்கும் மகன் பெங்களூருக்கும் கைதட்டிய இரவு அது. பெங்களூர் 218. சென்னை வெல்லக்கூட வேண்டியதில்லை; 201 எடுத்தாலே அடுத்த சுற்று உறுதி. கடைசி ஓவரில் 17 தேவை. யஷ் தயாளின் முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூரத்துக்கு அடித்து மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் கேட்ச் கொடுத்தார். சென்னை 191-இல் நின்றது.

மறுநாள் கேட்ட வாதங்களில் எனக்கு வியப்பூட்டியது ஒன்று: அந்த சிக்ஸர்தான் தோல்விக்குக் காரணமாம்! ஈரப் பந்து தொலைந்து உலர்ந்த பந்து வந்ததால் தயாளுக்குப் பிடி கிடைத்துவிட்டதாம். அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இன்னிங்ஸின் முதல் பந்திலேயே கேப்டன் ருதுராஜ் ஆட்டமிழந்தது, ஷிவம் துபே 15 பந்தில் 7 ரன் எடுத்தது, பந்துவீச்சாளர்கள் 218 கொடுத்தது எல்லாம் எங்கே போயின? கடைசி ஓவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஏழாவது ஓவர் மறந்துபோகிறது. அவ்வளவுதான்.

அந்த யஷ் தயாள் யார்? 2023 ஏப்ரல் 9 அன்று குஜராத் அணிக்காகக் கடைசி ஓவர் வீசி, ரிங்கு சிங்கிடம் தொடர்ந்து ஐந்து சிக்ஸர் வாங்கியவர். அப்போது எல்லோரும் அவரை ஒதுக்கித் தள்ளினார்கள், அணியும் கைவிட்டது. ஓராண்டுக்குப் பின் அதே கடைசி ஓவரில் அவர் கொடுத்தது ஏழே ரன்!

மூன்றாவது தவறுதான் பொல்லாதது. பிழையிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து அவருடைய சாதி, மதம், மொழிக்கும் பழி தாவுவது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் பத்து விக்கெட்டில் இந்தியாவை வென்றது. நம் பந்துவீச்சாளர் எவருக்கும் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் துரோகி என்று ஏசப்பட்டவர் முகமது ஷமி ஒருவரே. கேப்டன் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். மறு ஆண்டு ஒரு கேட்சை விட்ட அர்ஷ்தீப் சிங்கைப் பிரிவினைவாதி என்றார்கள். கேட்சை விட்டது கையா, தலைப்பாகையா?

எங்கள் பேட்டையில் இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக் கடை முஸ்லிம் இளைஞரின் முகத்தைச் சிலர் ஆராய்வதைக் கண்டிருக்கிறேன். சென்னை ஜெயித்தால் தமிழனை "நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்பதும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரத் தமிழர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். எங்கோ எடுத்த முடிவுக்கு இங்கே அடுத்த வீட்டுக்காரன் பொறுப்பாக்கப்பட்டான். அதை அனுபவித்த நாம் இன்னொருவர் மேல் அதே கல்லை எறியலாமா?

அப்படியானால் யாரையும் எதுவும் கேட்கக் கூடாதா என்றால், கேட்கத்தான் வேண்டும். 2000-இல் வெளிவந்த சூதாட்ட விவகாரம் ரசிகனின் சந்தேகம் எப்போதும் வீண் அல்ல என்று காட்டியது. ஆனால் அதை வெளிக்கொண்டு வந்தது போலீஸ் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சு. எரித்த உருவபொம்மை அல்ல. 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் அணியின் வெற்றி விழாவுக்கு வந்த கூட்டம் மைதான வாசலில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். எங்கள் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனைக்கும் சடலங்கள் வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹாவின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வாசல் எப்போது திறந்தது, அனுமதி யார் கொடுத்தது, கூட்டத்தை யார் அழைத்தது என்று விடாமல் கேட்க வேண்டிய இடம் அதுதான். விட்ட கேட்சை முப்பது வருடம் நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தக் கேள்விகளை மூன்று மாதத்தில் மறந்துவிடக் கூடாது.

பொறுப்பு வேறு, பழி வேறு. பொறுப்பைக் கண்டுபிடிக்கச் சான்று வேண்டும், பொறுமை வேண்டும். பழிக்கு ஒரு முகம் போதும். அடுத்த முறை நம் அணி தோற்கும்போது தேநீர்க் கடையில் தாராளமாக வாதாடுவோம். பந்தைப் பற்றிப் பேசுவோம், களத்தைப் பற்றிப் பேசுவோம், கேப்டனின் கணக்கைப் பற்றிப் பேசுவோம். பேச்சு ஆட்டக்காரரின் பெயரைத் தாண்டி அவர் பிறப்புக்குப் போகும் இடத்தில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது வேண்டாம் தம்பி" என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும்.