புலிக்குப் பக்கத்தில் கயல்

முதலாம் ராஜேந்திரனின் வெள்ளிக்காசில் நடுவே புலி குந்தியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் இரட்டைக் கயல், மறுபக்கம் வில், மேலே குடை. நாகரி எழுத்தில் ‘கங்கைகொண்ட சோழ’ என்ற பெயர். ஆண்டு பொறிக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பட்டமே காலத்தைச் சொல்லிவிடுகிறது: கங்கைப் படையெடுப்பு முடிந்த 1023-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அடித்த காசு. புலி சோழனுடையது, கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. தோற்ற இரண்டு பேரின் சின்னத்தையும் தன் காசிலேயே அடித்துச் சந்தையில் உலவவிட்டிருக்கிறான். கீரை வாங்கப் போனவன் கண்ணிலும் அந்தச் சேதி பட்டிருக்கும்.

பாண்டியன் பதில் சொல்ல இருநூறு ஆண்டு ஆனது. 1216-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். கயல் பொறித்த பாண்டியர் காசுகளில் ‘சோணாடு கொண்டான்’ என்று நல்ல தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ‘கச்சி வழங்கும் பெருமாள்’ என்றொரு காசும் உண்டு. கச்சி என்றால் காஞ்சிதான். ஆனால் இவை செம்பு. வெள்ளி மட்டும்தான் சேர்ப்பேன் என்கிற சேகரிப்பாளர் பாதிச் சண்டையோடு எழுந்து போகிறார் என்பது என் கருத்து. புலிக்காசையும் கயல்காசையும் ஒரே தட்டில் வைத்தால்தான் கதை முழுதாகும்.

இப்படிப்பட்ட பகைகளின் நடுவில் கிடந்த நிலம்தான் நம் பாலாற்று வட்டாரம். 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடி மாண்டான். தொண்டைமண்டலம் ராஷ்டிரகூடக் கன்னரதேவன் கைக்குப் போனது. பின்னால் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குக் காட்பாடிக்கு அப்பால் மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான்.

இதே வட்டாரத்து விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு என்பார்கள். காசு தேடுகிறவர் பக்கத்து ஊர் பொய்கைக்கும் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன அதே பொய்கைதான். அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் மூன்றாம் ராஜராஜ சோழனின் ஆட்சியாண்டு இருக்கிறது. ஊர்களைக் கொடுப்பவன் சிற்றரசன் செங்கேணிச் சம்புவராயன். அவற்றைப் பெற்றுக் கோயிலுக்கு எழுதிவைப்பவன் மலைமண்டலத்திலிருந்து வந்த ஒரு கேரள வணிகன். காலம் 1240-ஐ ஒட்டியது. அதற்குச் சில ஆண்டு முன்னால்தான், 1231 வாக்கில், அந்தச் சோழ அரசனைச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்திருந்தான். ஹொய்சள நரசிம்மனின் படை வந்து மீட்டது. அரசர்கள் இப்படி அடித்துக்கொண்ட காலத்தில், வில்லுக்குரிய நாட்டிலிருந்து வந்தவன் புலிக்குரிய நாட்டில் நிலம் வாங்கி நிம்மதியாகத் தர்மம் செய்திருக்கிறான்.

வணிகன் எல்லை தாண்டினால் அவன் கைக்காசும் தாண்டும். அதனால்தான் ஒரு காசு எங்கே கிடைத்தது என்பது முக்கியம். கிடைத்த இடம் தெரிந்தால், காசு எந்த வழியில் எதுவரை நடந்தது என்று தெரியும். முதலாம் ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு இலங்கையில் ஏராளமாகக் கிடைக்கிறது. அதே அமைப்பில் பொலன்னறுவை மன்னர்களும் அடித்தார்கள். இடம் தெரியாமல் கடைப் பெட்டிக்குள் போன காசுக்கு இந்தச் சாட்சியம் போய்விடுகிறது. வெள்ளிக்கு இன்னொரு ஆபத்து, உருக்கப்படுவது. தமிழ்நாட்டில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. பழைய வெள்ளிதான் கொலுசாகவும் குத்துவிளக்காகவும் மறுபிறவி எடுத்தது. மிஞ்சியது சொற்பம்.

கையில் ஒன்று வந்தால் திருநீறோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புப் படலம்தான் அதன் வயது. தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். விளிம்பை முதலில் பாருங்கள். அச்சில் அடித்த காசின் ஓரத்தில் வெடிப்பு இருக்கும், உருவம் நடுவிலிருந்து விலகியிருக்கும். வார்த்தெடுத்த போலியில் ஓரம் சுற்றி ஒரு கோடு ஓடும், புலியின் முகம் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

மண்ணில் கிடைத்ததானால் சட்டமும் உண்டு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். விலைக்கு வாங்கிய காசானால் ஒரு காகித உறையில் போட்டு, எந்த ஊர், எந்த நிலம், கூட வேறென்ன கிடைத்தது என்று விற்றவரிடம் கேட்டு அன்றைக்கே எழுதிவிடுங்கள். அவருக்கே அடுத்த மாதம் மறந்துவிடும்.