விறாந்தைத் தீர்ப்புகள்

‘பாக்கலாம்’, ‘பரவாயில்ல’, ‘இழுவை’, ‘விசர்ப் படம்’. மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் பார்த்து முடித்த படத்துக்கு முதலில் கிடைப்பது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேச்சு அதோடு முடியாது. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும் தாய், அந்தப் பெண் பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் போனது சரியா என்று தொடங்குவார். சாய்மனைக் கதிரையில் இருக்கும் பெரியவருக்குச் சிவாஜிக்குப் பிறகு நடிப்பென்று ஒன்றில்லை. கட்டாரிலிருந்தோ சுவிஸிலிருந்தோ அழைப்பில் இருக்கும் மகன் வேறொரு படத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பாருங்கள் என்பான். விறாந்தை விளக்கை அணைக்கும்வரை இது நடக்கும்.

இதை யாரும் விமர்சனம் என்று எண்ணுவதில்லை. பேசியவர்களே மறுநாள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் கடந்த நாற்பது ஆண்டுகளாகச் சினிமா பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு படம் இங்குள்ள வாழ்வைத் தொட்டதா இல்லையா என்பதற்குச் சாட்சி இந்த வீட்டுப் பேச்சுத்தான்.

இப்படிப் பார்க்கவும் பேசவும் மட்டக்களப்பாருக்குச் சினிமா கற்றுத்தரவில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இந்த மண்ணில் விடியவிடிய ஆடப்பட்டவை. வட்டக் களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். எந்த ஆட்டம் பிசகியது, யாருடைய குரல் கட்டிவிட்டது, எந்த வரவு சோபிக்கவில்லை என்று அங்கேயே பேசிக்கொள்வார்கள். அரங்கேற்றத்துக்கு முன்பு ‘அடுக்குப் பார்த்தல்’ என்று ஒரு கட்டமே உண்டு. கூத்து ஆடத் தகுந்ததா என்று ஊர்ப் பெரியவர்கள் பார்த்துச் சொல்லும் நேரம் அது. அரங்கேற்றம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு சென்று ஆடுகிற வழக்கமும் இருந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் களரியைச் சுற்றி அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தொலைக்காட்சியின் முன்னால் இருக்கிறார்கள்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.டி.என். நிறுவனத்தோடு தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி வந்தது. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன கிழக்கு மாகாணத்துப் பெண்களும் ஆண்களும் திரும்பி வரும்போது டீவியும் ‘டெக்’கும் கொண்டு வந்தார்கள். வீடியோ கசெட் ஓட்டும் கருவிக்கு இங்கே டெக் என்றுதான் பெயர். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியைத் தன் கையில் வைத்திருந்ததால், தமிழகப் படங்கள் அளவாகவும் ஆறுதலாகவுமே தியேட்டர்களுக்கு வந்துகொண்டிருந்தன. கசெட் அந்த வரிசையில் நிற்கவில்லை. சென்னையில் ஓடிக்கொண்டிருந்த படம் கடைத்தெரு வீடியோக் கடையில் வாடகைக்குக் கிடைத்தது.

பிறகு யுத்தம். இரவில் தியேட்டருக்குப் போய்வருவது ஆபத்தான காரியமாயிற்று. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, சோதனைச்சாவடி ஆகியவற்றுக்கு நடுவில் படம் பார்க்க வீடு ஒன்றே மிஞ்சியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள பல ஊர்களுக்கு ஒழுங்கான மின்சாரம் 2007க்குப் பிறகே வந்தது. அதுவரை ஜெனரேட்டர் இருந்தால் ஒரு டீவி, ஒரு டெக், முற்றத்தில் பாய்கள், ஊரார் எல்லாரும். காசு போட்டு எண்ணெய் வாங்கியிருப்பார்கள். ஆகவே ஒரு படத்தோடு எழுந்து போக மனம் வராது. மூன்று படம் ஓடினால் விடிந்துவிடும். அந்த இரவுகளில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு ஒரு படத்தின் முடிவும் அடுத்த படத்தின் தொடக்கமும் கலந்தே நினைவிருக்கிறது.

கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் டீவிடி வந்தது. 1998இல் சக்தி டீவி தொடங்கியது. யுத்தம் முடிந்த பிறகு கூரைகளில் டிஷ் முளைத்தது. அடுத்து பென்டிரைவ், அடுத்து கைபேசி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் இருந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிய கைபேசியைச் சுற்றிக் குடும்பமே தலை சாய்த்துப் படம் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும்.

வீட்டுத் திரைக்கு நேரடியாகவே பெரிய தமிழ்ப் படங்கள் வரத் தொடங்கியது 2020இல். மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’, நவம்பரில் ‘சூரரைப் போற்று’. சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’, மலிவு விலை விமானச் சேவை தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. உயிருக்குப் போராடும் தகப்பனைப் பார்க்கப் போக டிக்கெட்டுக்குக் காசு போதாமல், விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நாயகன் கையேந்தும் காட்சி அதில் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மகளை சவூதிக்கு அனுப்பிவைத்த தாய்க்கு அந்தக் காட்சி எதைச் சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தகப்பனின் சாவீட்டுக்கு வந்துசேர முடியாமல் வெளிநாட்டிலிருந்து கைபேசியில் கிரியை பார்த்தவர்கள் வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். கதையின் வியாபாரச் சண்டைகள் இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஒரு காட்சி பேசப்படுகிறது.

‘ஜெய் பீம்’ இன்னும் ஆழமாக வெட்டியது. த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பரில் வெளிவந்த இப்படம், தமிழ்நாட்டில் 1990களில் நடந்த ஓர் உண்மை வழக்கை அடிப்படையாகக் கொண்டது. பொலிஸ் பிடித்துச் சென்ற இருளர் இளைஞன் ராஜாக்கண்ணுவைத் தேடி அவன் மனைவி செங்கேணி நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறாள். பிற்காலத்தில் நீதிபதியான கே. சந்துரு அந்த வழக்கில் ஆட்கொணர்வு மனுவோடு நின்ற வழக்கறிஞர். சென்னையில் இதை ஒரு நீதிமன்றக் கதையாகப் பார்க்கலாம். மட்டக்களப்பில் அப்படிப் பார்ப்பது எளிதல்ல. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 158 பேரைப் படையினர் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கணவனின் பெயரைச் சொல்லிச் செங்கேணி நிலையத்து வாசலில் நிற்கும்போது, இங்கே அதைப் பார்ப்பவருக்கு அது நடிப்பாகத் தெரியாது. வழக்கு வெல்லும் கடைசிக் காட்சியில் தமிழகத்தில் கைதட்டல் எழுந்திருக்கலாம். இங்கே எழும் கேள்வி வேறு: எங்களுக்கு அந்த நீதிபதி எப்போது?

2025இல் அதிகம் பேசப்பட்டது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். மே 1இல் தியேட்டருக்கு வந்து, ஜூன் தொடக்கத்தில் இணையத்துக்கு வந்தது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகேறும் ஒரு குடும்பம் இராமேஸ்வரம் வழியாகச் சென்னைக்குப் போய், தாங்கள் யாரென்பதை மறைத்து ஒரு தெருவில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் படம் முழுக்க ஓடுகிறது.

கிழக்கில் இந்தப் படத்தைப் பற்றி இரண்டு வகையாகப் பேசலாம், இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒன்று, தங்களைப் பாவப்பட்ட அகதிகளாக அழுது காட்டாமல், சிரிக்கவும் உதவவும் தெரிந்த அயலவர்களாகக் காட்டியதில் வரும் நிறைவு. மற்றது, இத்தனை இலகுவாக ஒரு தெரு கதவைத் திறந்துவிடுமா என்ற சந்தேகம். 2022இல் ஆஸ்திரேலியாவுக்கென்று கிழக்குக் கடலில் புறப்பட்ட படகுகளைக் கடற்படை மறித்த செய்திகள் அடிக்கடி வந்தன. அப்படிப் போகப் பார்த்தவர்களின் அயலவர்களுக்குப் படகின் கணக்குத் தெரியும். மனிதர்களின் நல்ல குணத்தை நம்பியதே படத்தின் பலம். சட்டத்தின் முகத்தைக் கடைசிவரை நேராகப் பார்க்கத் தயங்கியது அதன் பலவீனம்.

பேச்சு வழக்கு பற்றிய குறை ஒன்று நெடுங்காலமாக உண்டு. 2000ஆம் ஆண்டு ‘தெனாலி’யில் கமல்ஹாசனுக்கு இலங்கைத் தமிழ் பழக்கியவர் வானொலிப் புகழ் பி.எச். அப்துல் ஹமீத். அதன் பிறகு ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘ஜகமே தந்திரம்’ என்று பல படங்களில் இலங்கைத் தமிழர் வந்துவிட்டார்கள். ஆனால் திரையில் இலங்கைத் தமிழென்றால் அது ஏறக்குறைய யாழ்ப்பாணப் பேச்சாகவே இருக்கிறது. ‘மறுகா’ என்றும் ‘என்னகா’ என்றும் பேசுகிற மட்டக்களப்பான் ஒருவனைத் தமிழகச் சினிமா இன்னும் சரியாகச் சந்திக்கவில்லை. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களின் தமிழுக்கும் இதே நிலைதான். கிழக்குப் பார்வையாளரின் இந்தக் குறை நியாயமானது.

இத்தனைக்கும் தமிழ்ச் சினிமாவின் மிக நுட்பமான கண்களில் ஒன்று இந்த வாவிக்கரையில்தான் திறந்தது. மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அமிர்தகழியில் 1939 மே 20 அன்று பிறந்தவர் பாலு மகேந்திரா. படித்தது மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில். பள்ளிப் பையனாக இருந்தபோது, கித்துல்கலவில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகு பூனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’ என்று தமிழகம் அவரைத் தன்னவராக்கிக்கொண்டது.

அவருடைய படங்களில் வாவிக்கரை வீடுகளுக்கு மிக நெருக்கமானது 1988இல் வந்த ‘வீடு’. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வயதான தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, மழை, அதிகாரிகள். பாட்டு இல்லை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் கிடைத்தன. தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்த்து நிற்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

இந்தக் கதையின் விதை சென்னையில் விழுந்ததல்ல. தான் சிறுவனாக இருந்தபோது தன் தாய் வீடு கட்டத் தொடங்கியதையும், கட்டக் கட்ட அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனதையும் பாலு மகேந்திரா நினைவுகூர்ந்திருக்கிறார். அதாவது ‘வீடு’ மட்டக்களப்புத் தாய் ஒருத்தியின் கதை.

அந்தத் தாயை இன்றைய மட்டக்களப்பு நன்றாக அறியும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் வீட்டோடு உறவுகளையும் இழந்தவர்கள், யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் எல்லாரும் ஒருமுறையேனும் மீண்டும் அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அடுத்த கட்டக் காசு வருவதற்குள் சீமெந்து விலை ஏறியதும், மேசன் வராமல் போனதும், நகையை அடகு வைத்துக் கூரை போட்டதும் இங்கே பல குடும்பங்களின் கதை. அத்தகைய வீடு ஒன்றின் விறாந்தையில் உட்கார்ந்து ‘வீடு’ பார்ப்பவர், சென்னையின் எந்தத் திரைப்பட விழாப் பார்வையாளரையும்விடக் கூடுதலாக அந்தப் படத்தைப் புரிந்துகொள்வார்.

வீட்டுத் திரைக்கென்றே பாலு மகேந்திரா செய்த வேலையும் உண்டு. சன் டீவியில் வந்த ‘கதை நேரம்’ தொடரில் தமிழ்ச் சிறுகதைகளை வாரம் ஒன்றாகக் குறும்படமாக்கினார். கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) தமிழ் தெரியாத பேரனுக்கும் கிராமத்துத் தாத்தாவுக்கும் இடையிலான உறவு. தாத்தாவாக அவரே நடித்தார், தயாரித்தவர் சசிகுமார். ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளையோடு கைச்சாடையில் பேசும் அம்மம்மாக்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. 2014 பெப்ரவரி 13 அன்று பாலு மகேந்திரா காலமானார்.

தன் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவ்கள் பாழாகிவிட்டதை அவர் கடைசிக் காலத்தில் வேதனையோடு சொன்னார். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுக்கும் அதே கதி. அவற்றில் பலவற்றின் பிரதிகள் 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தன. தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை’யை எழுதி வைத்திராவிட்டால் அவை பற்றிய செய்திகூட மிஞ்சியிராது. படமே இப்படி அழியும்போது, பார்த்தவர்களின் பேச்சு எந்த மூலைக்கு?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலும் கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படிக்கும் மாணவர்கள் இந்தப் பேச்சைப் பதிவு செய்வதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யலாம். கைபேசி போதும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: இணையத்தில் கிடைக்கும் ‘வீடு’ படத்தை, வீடு கட்டி அலுத்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லாமல், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பதிவு செய்து வையுங்கள்.