எண்ணெய் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது?

அந்தமானின் போர்ட் பிளேயர் நகரிலுள்ள டெலானிபூரில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை சூடுபிடிக்கும். பரோட்டாக் கல்லில் வழித்த எண்ணெய், மீன் பொரித்த சட்டியின் பிசுக்கு, சோப்பு நுரை, சோற்றுப் பருக்கை எல்லாம் ஒரே குழாயில் இறங்கும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்நகர், மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் கொட்டியது வடிகால் வழியே கடைசியில் கடலைத்தான் சேரும்.

வழியில் அதை மறிப்பதுதான் கிரீஸ் ட்ராப் எனப்படும் தொட்டி. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். பருக்கை அடியில் தங்கும். நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியே போகும். மேலே படியும் ஏட்டை நேரத்தில் அள்ளாவிட்டால் அதுவும் கூடவே போய்விடும். 2017இல் லண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறையே உறைந்து கிடந்தது. சமையலறைக் கொழுப்பும் துடைக்கும் ஈரத்தாள்களும் சேர்ந்து கெட்டிப்பட்டதால் வந்த வினை.

எப்போது அள்ளுவது? மிதக்கும் கொழுப்பும் அடி மண்டியும் சேர்ந்து தொட்டி நீரின் ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அள்ள வேண்டும் என்பது பல நாடுகளில் புழங்கும் கணக்கு. 60 சென்டிமீட்டர் ஆழமென்றால் 15. மூடியைத் தினமும் திறந்து, குச்சி விட்டுப் பார்க்க யாருக்கும் மனம் வராது; அந்த நாற்றம் அப்படி. அதனால்தான் சென்சார்.

அதன் தத்துவம் எளிது. மின்புலத்தை உள்வாங்கும் திறனில் காற்றை 1 என்று வைத்தால் எண்ணெய் 2 அல்லது 3. தண்ணீரோ ஏறக்குறைய 80. தொட்டிக்குள் தொங்கும் புரோப் எனும் உணர்கம்பி, தன்னைச் சூழ்ந்திருப்பது எது என்பதை இந்த வேறுபாட்டால் அறிகிறது. தண்ணீரில் இருக்கும்வரை பேசாமல் இருக்கும். ஏடு தடித்து, கீழிறங்கி அதைச் சூழ்ந்ததும் அலாரம் அடிக்கும்.

பொருத்தும்போது பலரும் மூடியிலிருந்து அளப்பார்கள். அது தவறு. முதலில் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, வெளிக்குழாயில் வழியவிட வேண்டும்; அந்த நீர்மட்டம்தான் பூஜ்யம். அடி மண்டிக்கு 5 சென்டிமீட்டர் ஒதுக்கினால், பூஜ்யத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே புரோப் தொங்க வேண்டும். உள்குழாய்க்கு அருகில் வேண்டாம், அங்கே தண்ணீர் கொந்தளிக்கும். அடைப்பால் மட்டம் எகிறினால் சொல்ல, பூஜ்யத்துக்கு மேலே இன்னொரு புரோப் வேண்டும். தொட்டிக்குள் எரியக்கூடிய வாயு சேரும் என்பதால் கட்டுப்பாட்டுப் பெட்டி வெளியில்தான் இருக்க வேண்டும்.

அளவு திருத்தத்துக்குக் குழாய்த் தண்ணீர் உதவாது. உப்பும் சோப்பும் கலந்த அந்தத் தொட்டி நீரிலேயே புரோப்பை முக்கி, அலாரம் அடங்கும்படி கருவியின் திருகைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வெளியே தூக்கித் துடைத்தால் அலறியாக வேண்டும். காற்றும் கொழுப்பும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுதான். கடைசியாக அதே தொட்டியின் கொழுப்பை ஒரு வாளியில் எடுத்து முக்கிப் பார்ப்பது நல்லது. சுடுநீர் ஊற்றிக் கழுவிய கையோடு சோதிக்கக் கூடாது. கொழுப்பு உருகி, எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவிலுள்ள எல்லையே கலங்கியிருக்கும். காலையில் அடுப்பு மூட்டுமுன் செய்வதே சரி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும் என்பதால் அந்தமான் வெப்பத்தில் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். வனஸ்பதியும் நெய்யும்தான் கட்டியாகிப் புரோப்பில் அப்பிக்கொள்ளும்.

இந்த அப்பலே பெரிய தொல்லை. தண்ணீரில் நின்றாலும் கொழுப்பில் நிற்பதாகக் கருவி பொய் சொல்லும். நாலு முறை பொய் அலாரம் கேட்ட முதலாளி ஐந்தாவது முறை ஒயரையே பிடுங்கிவிடுவார். அலாரம் அடித்ததும் முதலில் புரோப்பைத் துணியால் துடைத்துவிட்டு, திரும்ப இறக்கிப் பார்ப்பதுதான் முறை.

டெலானிபூருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. நகரின் குடிநீர் பெரிதும் தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. கோடையில் முறை வைத்துத்தான் வரும். அந்த நாட்களில் அள்ளிய தொட்டியை மறுபடி நிரப்பாமல் விட்டுவிடத் தோன்றும். காலித் தொட்டியில் எண்ணெய் பிரியாது, சென்சாரும் ஓயாமல் அலறும். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரைப் பிடித்து வைத்தாவது நிரப்ப வேண்டும். சென்சார் இருந்தாலும் அவ்வப்போது மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பாருங்கள்: அடி மண்டியின் அளவை இந்தப் புரோப் சொல்லாது.