குழந்தை பிறந்த செய்தி

வீட்டில் குழந்தை பிறந்தால் உற்றாருக்கு எழுதியறிவிக்கும் பணி, பெரும்பாலும் மாணவர்களாகிய உங்கள் தலையில்தான் வந்து விழும். அந்நாளில் அது மஞ்சள் தடவிய அஞ்சலட்டை, அவசரமாயின் தந்தி. 2013 ஜூலையில் தந்திப் பணி நின்றுபோயிற்று. இன்று கைப்பேசியிலே இரண்டு வரி. அந்த இரண்டு வரியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

தலைப்பேறு தாய்வீட்டில் நடப்பது நம்மிடையே வழக்கம். ஆதலால் செய்தி பெண் வீட்டிலிருந்து கணவன் வீட்டிற்குப் போகும். அங்கே முதலில் கூற வேண்டுவது தாயின் நலம். பிறகே மற்றவை. ஆனால் நான் கண்ட கடிதங்கள் பல, "பெண் குழந்தைதான் பிறந்திருக்கிறது" என்று தொடங்கின. இலக்கணத்தில் "தான்" ஓர் இடைச்சொல். இங்கோ அது மன்னிப்புக் கேட்கிறது. எதற்கு மன்னிப்பு? ஆண் பிறந்தால் அச்சொல்லை எவரும் எழுதக் காணோம். பிறந்து ஒரு நாளும் ஆகாத சிசுவை இரண்டெழுத்தால் தாழ்த்திவிடுகிறோம். அதனை நீக்கி, "கமலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் நலம்" என்றெழுதிப் பாருங்கள். வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். பெரியவர் எவரேனும் "தான்" சேர்க்கச் சொன்னாலும் சேர்க்காதீர்கள். ("பிறந்திருக்கிறது" என்பது பிழையோ என ஐயுற வேண்டா. மகவு, குழவி முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே கண்ட முறை.)

அடுத்தது நேரம். நம் வீடுகளில் நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது, அலுவலகங்களில் நள்ளிரவில். இரவு 1 மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி செவ்வாய் என்பார். சான்றிதழ் புதன் என்னும். கடிதத்தைப் பார்த்து ஒரு தேதியும் சான்றிதழைப் பார்த்து வேறொரு தேதியும் சொல்லிக்கொண்டு பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோர்களை நான் அறிவேன். "செவ்வாய் இரவு, விடிந்தால் புதன், 1 மணி 20 நிமிஷம்" என்று எழுதி, ஆங்கிலத் தேதியையும் சேர்த்துவிட்டால் ஐயமில்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். ஆதலால் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயர் முடிவாகவில்லையே என்று காத்திருக்க வேண்டா. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.