பேசாமல் பார்ப்பது: கடலுக்குப் போகும் செயலியைச் சோதிக்கும் கலை

காரைக்காலின் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களிலிருந்து கிளம்பும் படகுகளில் வலை, ஐஸ், டீசலோடு செல்போனும் ஏறுகிறது. மீனவர்களுக்கென்றே உள்ள செயலிகளில் ஒன்று ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காமின் ஆதரவோடு உருவாக்கியது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் கணித்துத் தரும் அலை உயரம், காற்று, மீன் கூடும் இடம் ஆகியவற்றைத் தமிழில் காட்டும். இலங்கையுடனான கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த அந்தக் கோட்டுக்குக் கடலில் கல்லும் இல்லை, கம்பமும் இல்லை. தாண்டிப் பிடிபட்டால் படகு போகும், சிறையும் உண்டு. ஆகவே எச்சரிக்கை கண்ணில் படுகிறதா, காதில் விழுகிறதா என்பது வெறும் அழகு பற்றிய கேள்வி இல்லை. இப்படிப்பட்ட செயலியின் திரையைச் சரிசெய்ய நம்பத்தகுந்த வழி, அதைப் பயன்படுத்துபவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பார்ப்பதுதான்.

இதைப் பயனர் சோதனை என்பார்கள். ‘நாளைக் காலை காற்று எப்படி என்று பாருங்கள்’ என வேலையை மட்டும் சொல்ல வேண்டும். எந்தப் பொத்தான் என்று சொல்லக் கூடாது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லக் கேட்டுக்கொள்ளலாம். 1982-ல் ஐபிஎம்மில் க்ளேட்டன் லூயிஸ் முன்வைத்த உத்தி இது. பயனர் தடுமாறும்போது உதவப் பாயும் நம் கையைக் கட்டிக்கொள்வதுதான் கஷ்டம். ‘ஆப் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு தம்பி’ என்றுதான் பதில் வரும். தப்பான இடத்தில் மூன்று முறை தட்டும் விரலுக்கு அந்த தாட்சண்யம் கிடையாது. அலுவலகத்தில் தெரியாத பல விஷயங்கள் படகில்தான் வெளிப்படும். தொடுதிரை, விரல் பட்டால் தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. உப்புநீர்த் துளி அதைக் குழப்பும். உச்சி வெயிலில் சாம்பல் எழுத்து மறையும். டீசல் இன்ஜின் இரைச்சலில் ‘பீப்’ ஒலி எடுபடாது. ஆழத்தைப் பாகத்தில் சொல்பவருக்கு மீட்டரும், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை அறிந்தவருக்குப் பாகைக் கணக்கும் ஒரு நொடி யோசிக்க வைக்கும். காரைக்காலுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. செயலி முதலில் மாநிலத்தைக் கேட்டால் காரைக்கால்காரர் புதுச்சேரியைத் தேர்வு செய்வார்; பக்கத்து நாகப்பட்டினத்தின் மீன் விலை வேண்டுமென்றால் திரும்ப வெளியே வந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். வரைபடத்தை வைத்துப் பட்டியல் போட்டவருக்கு இது தோன்றியிருக்காது.

ஐந்தாறு பேரைப் பார்த்து என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயனர் சோதனை ஆய்வாளர்களான யாக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் கணக்கிட்டபடி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொணர்கிறார். ஐந்து பேர் சேர்ந்தால் சுமார் 84 சதவீதம். இந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு: செயலி சிக்கலானால், பயனர்கள் பலவிதமானால், ஐந்து பேர் போதாது என்றார்கள். விசைப்படகு ஓட்டுநர், ஃபைபர் படகுக்காரர், கரையில் மீன் விற்கும் பெண்கள் என மூன்று வகையினர் இருக்கையில் வகைக்கு ஐந்து பேராவது வேண்டும் என்பதே என் முடிவு. அதிலும் ஒரே நாளில் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட, ஐவரைப் பார்த்துத் திருத்தி, வேறு ஐவரிடம் கொடுப்பது மேல். திருத்தமே புதுக் குறையைக் கொண்டுவருவதுண்டு. ‘பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பது இன்னொரு வாதம். தினமும் தொடும் பொத்தானுக்கு அது பொருந்தும். வருஷத்தில் ஒருமுறை, படகில் தண்ணீர் ஏறும்போது தேடும் ஆபத்துப் பொத்தானுக்குப் பயிற்சி நினைவுக்கு வரும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாட்களில் சொற்களையும் பொத்தான்களையும் கரையிலேயே சோதித்துத் திருத்திவிடலாம். வெயிலையும் இரைச்சலையும் தடை முடிந்து கடலுக்குப் போகும் படகில் ஏறிப் பார்க்கலாம். செயலி செய்பவர்கள் அந்தப் படகில் ஓர் இடம் கேட்டுப் பெற வேண்டும்.