மந்திரத்துக்கும் இலக்கணம் உண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்ட், எக்ஸெல் பழகிய கையோடு கேம்ஸ் பக்கம் திரும்புவது வழக்கம். கார் ரேஸ், கிரிக்கெட் என்றால் பிரச்னை இல்லை. மாயாஜாலக் கதை கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்தால்தான் சிக்கல். தொடக்கத்திலேயே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். வாளா, வில்லா, மந்திரமா? மந்திரம் என்றால் எந்தப் பள்ளி? பலரும் ஏதோ ஒன்றைக் கிளிக் செய்துவிடுகிறார்கள். பத்து மணி நேரம் ஆடிய பிறகு, எடுத்த திறமை ஒத்துவரவில்லை என்று கேமையே அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். மதுரையில் என்னிடம் சந்தேகம் கேட்டு வரும் பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திறமையைத் தேர்ந்தெடுக்கும் முன் கதையைப் படியுங்கள்.

லோர் என்றால் என்ன?

கேம் உலகத்தின் தலபுராணம்தான் லோர். அந்த உலகை ஆண்டவர் யார், அங்கே என்ன சட்டம், மந்திரம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் அடங்கும். சாஃப்ட்வேர் எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மந்திரம் என்பது சில எண்கள் மட்டுமே. எவ்வளவு சேதம், எவ்வளவு செலவு, எத்தனை விநாடி, அவ்வளவுதான். அந்த எண்களுக்குக் காரணம் சொல்வது லோர். காரணம் தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்களே ஊகித்துவிடலாம்.

ஆறு பள்ளிகள்

2006ல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' கேமை எடுத்துக்கொள்வோம். இதில் மந்திரம் ஆறு பள்ளிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தீ, பனி, மின்னலால் தாக்குவது டிஸ்ட்ரக்ஷன். காயத்தை ஆற்றுவது ரெஸ்டரேஷன். மறைந்து நிற்பது, எதிரியின் மனதை மயக்குவது இல்யூஷன். பூதங்களை வரவழைப்பது கான்ஜுரேஷன். தண்ணீர் மேல் நடப்பது, பூட்டைத் திறப்பது ஆல்டரேஷன். உயிர்கள் இருக்குமிடத்தை அறிவது போன்றவை மிஸ்டிசிசம். 2011ல் வந்த ஸ்கைரிம் கேமில் மிஸ்டிசிசம் நீக்கப்பட்டு, அதன் மந்திரங்கள் சில மற்ற பள்ளிகளுக்குப் போய்விட்டன.

இதற்கு முந்தைய மாரோவிண்ட் (2002) கேமில் பறக்கும் மந்திரம் இருந்தது. ஆப்லிவியனில் இல்லை. ஏன்? இதில் நகரங்கள் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. வாசல் கதவைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது லோடு ஆகும். மதில் மேல் பறந்து போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கு லோரில் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பறப்பதைத் தடை செய்து அரசு சட்டம் போட்டுவிட்டதாம்! சாஃப்ட்வேர் சிக்கலுக்குக் கதையில் போட்ட பேட்ச் இது.

சர்க்கஸ் பெண்ணின் சண்டை

கதையிலிருந்தே திறமை பிறந்தால் இப்படி ஒட்டுப் போட வேண்டியதில்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்ட 'ராஜி' இதற்கு நல்ல உதாரணம். அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் பெண் ராஜி. அவள் சர்க்கஸ் கலைஞர். அதனால்தான் சுவரில் ஓடியும் தூணைச் சுற்றிச் சுழன்றும் தாக்குகிறாள். திரிசூலம் துர்க்கை தந்தது. வில் விஷ்ணு தந்தது. எந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் வீட்டுப் பாட்டியே பதில் சொல்லிவிடுவார்.

மதுரையின் மூன்று ஆயுதங்கள்

இதைவிடக் கச்சிதமான அமைப்பு எங்கள் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் உள்ள 64 கதைகளில் 12 முதல் 15 வரை பாருங்கள். சுந்தரபாண்டியனாக மதுரையை ஆண்ட சிவபெருமான், மகன் உக்கிரபாண்டியனுக்கு வேல், வளை, செண்டு என்ற மூன்று ஆயுதங்களைத் தருகிறார். செண்டு என்பது கிராமத்து ஐயனார் கையில் இருப்பதுதான். எந்த ஆயுதம் யாருக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறார்.

மதுரையை அழிக்கக் கடல் பொங்கி வந்தபோது வேலை எறிந்து அதை வற்றச் செய்கிறான். மழை மேகங்களுக்காக இந்திரனோடு போர் மூண்டபோது வளையை எறிந்து அவன் முடியைச் சிதைக்கிறான். பஞ்சம் வந்தபோது செண்டால் மேரு மலையை அடித்துப் பொன் எடுக்கிறான். ஓர் ஆயுதத்துக்கு ஒரே வேலை.

கவனிக்க வேண்டியது கடைசிக் கதை. பொன்மலையே கைக்கு வந்தும், வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மூடி, மீன் முத்திரை வைத்துவிட்டு வருகிறான். சீட் கோட் போட்டு அளவில்லாத பொன் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேம் அன்றே சலித்துப் போயிருக்கும். சக்திக்கு வரம்பு வைத்தால்தான் கதைக்கு உயிர்.

ஆப்லிவியன் ஆடும் முன்...

* பிறந்த ராசியைத் தேர்ந்தெடுக்கும்போது 'அட்ரோனாக்' வேண்டாம். மந்திர சக்தி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் செலவானது தானாக ஊறாது. பழகியவர்களுக்கே அது சரி.
* சிறையிலிருந்து தப்பிச் சாக்கடை வழியாக வெளியேறும் இடத்தில், உங்கள் தேர்வுகளை மாற்றக் கடைசி வாய்ப்பு தருவார்கள். அதற்கு முன் தனியாக ஒரு சேவ் செய்துகொள்ளுங்கள்.
* சொந்த மந்திரம் உருவாக்க ஆசையா? ஏழு ஊர் மந்திரவாதிகள் சங்கக் கிளைகளில் சிபாரிசு வாங்கினால்தான் பல்கலைக்கழகத்துக்குள் விடுவார்கள்.
* 2006 பதிப்புக்கு 512 எம்பி ராம் போதும். 2025ல் வந்த ரீமாஸ்டர்டு பதிப்புக்கு 16 ஜிபி ராம் வேண்டும். வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்.
* வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கேமின் வயது மதிப்பீட்டையும் பாருங்கள்.

நாளை நீங்களே கேம் உருவாக்கும் எண்ணம் இருந்தால், நாயகனால் என்னென்ன முடியும் என்ற பட்டியலை அப்புறம் எழுதலாம். எது முடியாது, ஏன் முடியாது என்பதை முதலில் எழுதுங்கள். மீதியைக் கதை பார்த்துக்கொள்ளும்.