ஆக்ஸலுக்கு முன்னால் பேக் ஸ்பின்

பனித்தளத்தில் நடுவயது – 9

வால்ட்ஸ் ஜம்ப், சால்கோவ், டோ லூப் என்று தட்டுத் தடுமாறியாவது தாண்டி வந்துவிடுகிறவர்கள் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்தின் பெயர் ஆக்ஸல். நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-இல் வியன்னாவில் செய்துகாட்டிய தாவல் இது. ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஆறு முக்கியத் தாவல்களில் முன்னோக்கி எழுவது இது ஒன்றுதான். இறங்குவதோ மற்றவற்றைப் போலவே பின்னோக்கி. அதனால் ஒற்றை ஆக்ஸலிலேயே ஒன்றரைச் சுற்று வந்துவிடுகிறது. வளர்ந்த பிறகு ஸ்கேட் கட்டியவர்கள் பலர் இதில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதுண்டு. இந்த வாரம் அவர்களுக்காக.

அவர்கள் அதிகம் கேட்கும் அறிவுரை, “இன்னும் உயரமா எழும்புங்க” என்பது. தவறில்லை, ஆனால் போதாது. 20 செ.மீ. எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 0.4 நொடி. 30 செ.மீ. எழும்பினால் ஏறக்குறைய அரை நொடி. அந்தப் பத்தில் ஒரு நொடிக்காக நாற்பது வயதுக் கால்கள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அதைவிடக் குறைந்த செலவில் கைக்கு வருவது உடலைக் குறுக்குவது. பனியை விட்டு எழுந்த பிறகு சுழற்சியைப் புதிதாகச் சேர்க்க வழியே இல்லை. எழும்போது வாங்கியதை வைத்துக்கொண்டு, கைகளை மார்போடும் காலைக் காலோடும் ஒட்டி இறுக்கினால் வேகம் கூடும். விரித்தால் குறையும்.

ஏன் இறுக்க மாட்டேன் என்கிறார்கள்? பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு வயதுக் குழந்தை விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடும். உயரமும் எடையும் கூடிய உடலுக்கு அதே விழுகை மணிக்கட்டையோ வால் எலும்பையோ பதம் பார்த்துவிடும். உடல் இதை அறிந்திருப்பதால், காற்றில் ஏறியதும் கைகள் தாமாகவே பிடிமானம் தேடி விரிகின்றன. கிணற்றை எட்டிப் பார்ப்பவரைப் போலத் தலை கவிழ்ந்து பனியைப் பார்க்கிறது. தலை போன பக்கம் தோளும் போகும். சுழலும் அச்சு அங்கேயே முறிந்துவிடும். “பயப்படாதீங்க” என்று சொல்வதால் இது தீராது. அந்த இறுகிய நிலை உடலுக்குப் பழகிப்போன இடமாக வேண்டும்.

அதற்குத்தான் பேக் ஸ்பின். இடமாகச் சுழல்பவர் ஆக்ஸலுக்கு எழுவது இடது காலின் முன்புற வெளிவிளிம்பில். இறங்குவது வலது காலின் பின்புற வெளிவிளிம்பில். நடுவில், காற்றிலிருக்கும்போதே, எடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற வேண்டும். மாறிய பிறகு உடல் இருக்கும் நிலை, வலது காலில் சுழலும் பேக் ஸ்பினின் நிலையேதான். தரையில் ஐந்தாறு சுற்று நிலைகுலையாமல் அதில் நிற்க முடியாதவருக்கு, காற்றில் அரை நொடிக்குள் அது எப்படி வாய்க்கும்? ஆக்ஸலில் தவிப்பவரிடம் முதலில் பேக் ஸ்பினைச் செய்துகாட்டச் சொல்லும் பயிற்சியாளரை நம்பலாம் என்பது என் எண்ணம். அடுத்த படி, வால்ட்ஸ் ஜம்ப் செய்து, வழக்கம்போல வழுக்கி வெளியேறாமல் அப்படியே பேக் ஸ்பினுக்குள் இறங்குவது. எடை மாற்றத்தை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. லூப் தாவலையும் விட்டுவிடக் கூடாது. அது எழுவதும் இறங்குவதும் அதே வலது வெளிவிளிம்பில்தான்.

காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று சுற்றுத் தாவுபவர்களுக்கான மிகக் கெட்டியான பூட்டை, பாதுகாப்பு என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். அதில் கணுக்கால் மடங்காது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் ஆழமாக மடங்காது. பிறகு எழும்புவது எங்கிருந்து? உங்கள் எடைக்கும் இப்போது செய்யும் தாவலுக்கும் பொருந்துகிற பூட்டே போதும்.

இறங்கும்போது ஒற்றைக் கால் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. ஆகவே தாவல்களை உடல் சூடேறிய உடனே, களைப்புக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கால் தளர்ந்த பிறகு செய்யும் ஒவ்வொரு தாவலும் தவறான பழக்கத்தையே உடலில் ஏற்றும். இடுப்பு, வால் எலும்புக்கான பஞ்சுப் பட்டைகளைத் தயங்காமல் அணியுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள், தாவல் பயிற்சியில் இறங்கும் முன் எலும்பு அடர்த்தி பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

டியானா ஸ்டெல்லாட்டோ டுடெக்கை இந்த இடத்தில் உதாரணம் காட்டாதவர்கள் குறைவு. பதின்ம வயதில் காயங்களால் விலகி, 33 வயதில் திரும்பி வந்து, 2024-இல் மாண்ட்ரியாலில் 40 வயதில் ஜோடிப் பிரிவின் உலகப் பட்டம் வென்றவர். போற்றத்தக்க சாதனை. ஆனால் அவர் 2000-ஆம் ஆண்டு உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கியவர். தாவல்கள் சிறுவயதிலேயே உடலில் ஊறிப்போனவை. முப்பத்தைந்தில் தொடங்கியவர் அவரோடு தன்னை ஒப்பிட்டு நொந்துகொள்வது தேவையில்லாத துன்பம்.

நமக்கான இடம் ஜெர்மனியின் ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஓபர்ஸ்டார்ஃப். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் பெரியவர்களுக்கான போட்டி 2005-இல் அங்கேதான் தொடங்கியது. 28 வயது நிரம்பியவர்களே பங்கேற்கலாம். அதன் வெண்கலப் பிரிவில் ஆக்ஸலுக்கு அனுமதியே இல்லை. விளிம்பு சுத்தமான சால்கோவும், வேகம் குறையாமல் வெளியேறும் லூப்பும் அங்கே முழு மரியாதை பெறுகின்றன. ஆக்ஸல் வரும்வரை காத்திருக்காமல், கைவசம் இருக்கும் தாவல்களோடு ஒரு போட்டிக்கு இப்போதே பெயர் கொடுங்கள்.

அடுத்த வாரம்: லட்ஸ் தாவலில் விளிம்பு மாறிப்போவது ஏன்?

(தொடரும்)